சலாலாவில் சாரல்

டிசம்பர் 10, 2025, புதன்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. மாடியில் இருக்கும் செடியின் அடிப்பாகத்தைக் கிழங்கு என்று எழுதிவிட்டேன். அது கிழங்கு இல்லை, வேரும் இல்லை. தண்டுதான் அடியில் பருத்துத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பகலெல்லாம் நர்சரியில் வேலை பார்த்துக்கொண்டு இதைத் தப்பாக எழுதியது வெட்கமாக இருக்கிறது. நேற்றைய பக்கத்தில் அடித்துத் திருத்திவிட்டேன்.

செடியின் பெயர் அடீனியம். நர்சரிக்கு வருகிறவர்கள் பாலைவன ரோஜா என்று கேட்பார்கள். நாங்கள் விற்பவை ஒட்டுக் கட்டியவை, சீக்கிரம் பூத்துவிடும். மாடியில் இருப்பது விதையிலிருந்து வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி மச்சான் ஓமன் நாட்டில் சலாலா என்ற ஊரில் தண்ணீர் லாரி ஓட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் லீவில், அங்குள்ள மலையில் பொறுக்கிய விதைகளைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். குச்சி மாதிரி விதை, இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம். விதைத்ததில் ஒன்றுதான் தங்கியது. ஏழு வருடத்தில் அதன் வயிறு ஒரு சொம்பு அளவுக்குத்தான் வந்திருக்கிறது. முன்பெல்லாம் அக்கா போனில் மச்சானைக் கேலி செய்வாள்: "உங்க தொப்பை வளர்ற வேகத்துல பாதிகூட இது வளரலையே."

மச்சான் போன மார்கழியில் சலாலாவிலேயே நெஞ்சுவலியில் இறந்துபோனார். அதன் பிறகு அக்கா வடுகபட்டியில் மாமியார் வீட்டிலிருந்து சின்னமனூருக்கு என்னிடம் வந்துவிட்டாள். ஒரு துணிப்பையும் இந்தத் தொட்டியும்தான் பஸ்ஸில் கொண்டுவந்தாள். செடியை ஏன் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து அதைத் தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். 

இன்றைக்குச் செடியில் கடைசி இலையும் விழுந்துவிட்டது. அரிசி ஊற வைக்கிற டின்னைக் காயவைக்க மாடிக்கு வந்தவள் பார்த்தாள்.

"செத்துப்போச்சுல்ல? தொட்டியக் காலி பண்ணுடி. டின்னு கவுத்த எடமாச்சும் ஆகும்."

"சாகலைக்கா. தூங்குது. குளிருக்கு எலைய உதுத்துரும். மாசி வெயிலுக்குத் துளுத்துரும்."

"நீ போயி கண்ட."

"தண்ணி மட்டும் ஊத்தக்கூடாது. வயித்துல இருக்கிறதே போதும். இப்ப ஊத்துனா அழுகிரும்."

"ஆமா, எனக்கு வேற சோலி இல்ல பாரு, செத்த செடிக்குத் தண்ணி ஊத்த."

டின்னைக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்சம் கோபமாகத்தான் போனாள் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.


டிசம்பர் 12, வெள்ளி

வடுகபட்டியிலிருந்து போன். மச்சானுக்குத் தலைத்திதி வருகிற இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அவருடைய அம்மா கஸ்தூரியம்மாள் பேசவில்லை. சொந்தக்காரர் ஒருவர் பேசினார். அக்கா மாவுக் கையோடு ஸ்பீக்கரில் கேட்டாள். "சரி" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்ததும், "நான் போகல" என்றாள்.

ஏன் போகவில்லை என்பதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எனக்கே வரிசை குழம்பிப் போகிறது.

போன வருடம் ஆடி மாதம். அக்கா எங்களைப் பார்க்க இங்கே வந்திருந்தாள். மச்சானிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. பச்சைப் பசேலென்று ஒரு மலைச் சரிவு, பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. சரிவில் மாடுகள் மேய்ந்தன. மச்சான் நனைந்துகொண்டு சிரித்தார். ஓரத்தில் தென்னங்கீற்றுக் கடை ஒன்று, வாழைத்தார் தொங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போது வீடியோ முடிந்துவிட்டது.

அப்போது முத்துப்பாண்டி மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்களுக்கு எல்லாமே அவர்தான். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஜீப் ஓட்டுகிறார். போனை வாங்கிப் பார்த்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்கன இருக்கேன்னு சொன்னாக மாப்ள?"

"சலாலாவுலதேன். வேற எங்கன?"

"ஏத்தா, இது கேரளாவுல வாகமண்ணு. இல்லாட்டி கட்டப்பனைக்கு மேக்க. இருவது வருசமா வண்டி ஓட்டுறேன். மஞ்சு மூடுன மேட்டப் பாத்தா எந்த மேடுன்னு சொல்லிப்புடுவேன். பாலைவனத்துல ஏது புல்லு, ஏது மாடு?"

மறுபடி ஓடவிட்டார். இந்த முறை சத்தத்தைக் கூட்டினார். காற்றுச் சத்தத்துக்குள் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "கரிக்கு வேணோ சேட்டா?"

"கேட்டியா? கரிக்கு! இளநிய அரபிக்காரன் கரிக்குன்னா சொல்லுவான்?"

எங்கள் பக்கத்தில் யாருக்கும் அந்த மலையாளச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. மெட்டு ஏறினால் ரோட்டோரம் முழுவதும் அந்தச் சத்தம்தான். அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஊருக்கு லீவில் வந்துவிட்டு, வீட்டுக்கு வராமல் மலையில் யாருடனோ இருக்கிறார் என்று மாமா வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா உடனே கூப்பிட்டாள். மச்சான் முதலில் சிரித்தார்.

"ஏடி, சலாலாவுல ஆடி ஆவணியில சாரல்டி. ஊரே பச்சையாக் கெடக்கும்."

"பாலைவனத்துல சாரலா? யாருகிட்டக் கதை விடுறீக?"

"சத்தியமா. அடுத்த லீவுல பாஸ்போர்ட்டக் கொண்டாந்து காட்டுறேன், எப்ப வந்தேன் போனேன்னு முத்திரையப் பாரு."

"பாஸ்போர்ட்டப் பாத்துத்தேன் புருசன நம்பணும்னா அந்தப் பொழப்பு எனக்கு எதுக்கு?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவருடைய போனை அவள் எடுக்கவே இல்லை. பொங்கலுக்கு வந்து நேரில் பேசிக்கொள்வதாக என்னிடம் ஒருமுறை சொன்னார். மார்கழியில் பெட்டிதான் வந்தது. கொச்சியில் இறக்கி, குமுளி வழியாகக் கொண்டுவந்தார்கள். வடுகபட்டியில் அத்தனை பேர் முன்னால் பெட்டியைத் திறந்தபோது, அக்கா அழாமல் நின்றாள். கஸ்தூரியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து, "அழுதுருடி" என்றார். அக்கா சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது:

"எவகூட மஞ்சுல நனைஞ்சாகளோ, அவளக் கூப்பிட்டு அழச் சொல்லுங்க."

அதிலிருந்து மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை.


டிசம்பர் 15, திங்கள்

செடி ஏன் இவ்வளவு மெதுவாக வளர்ந்தது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இன்று முடிவு செய்தேன். நர்சரி முதலாளி வேலுச்சாமி அண்ணனிடம் கேட்டேன். "பாலைவனச் செடி அப்படித்தேன். தண்ணியவே காட்டாத" என்றார். வாங்குகிறவர்களுக்கு அவர் சொல்வதும் அதுதான். நானும் அதையேதான் சொல்லி விற்கிறேன்.

அக்கா வடுகபட்டியில் இருந்தவரை, மழைக்காலம் வந்தால் செடியைச் சாக்குப் போட்டு மூடிவிடுவாளாம். இந்த வருடம் இங்கே ஆனி, ஆடி முழுவதும் அதை மாடிப்படிக்குக் கீழே தள்ளி வைத்திருந்தாள். சாரல் படக்கூடாது என்று நானும் ஒரு பாலிதீன் தாளைக் கட்டினேன். மேகமலைப் பக்கமிருந்து காற்றோடு தூறல் வந்து தெருவெல்லாம் நனைந்தபோது அது மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு ஐப்பசியில் வெளியே எடுத்து வைத்தோம். அடைமழையில் நனைந்தது. அப்போது பூமி குளிர ஆரம்பித்துவிட்டது, செடிக்குக் குடிக்கத் தெம்பில்லை.

இவையெல்லாம் தப்பா சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதன் சொந்த ஊரில் எப்போது மழை, எப்போது வறட்சி என்று பார்த்தால்தான் தெரியும்.


டிசம்பர் 16, செவ்வாய்

நான் போகிற மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் தட்டச்சுப் பயிற்சி முடிந்ததும், இவாஞ்சலின் மிஸ்ஸிடம் கேட்டு ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சலாலா, மழை என்று தமிழில் தேடினேன். வரவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித் தேடினேன்.

நிதானமாக எழுதுகிறேன்.

ஓமன் பெரும்பாலும் பாலைவனம்தான். ஆனால் சலாலாவைச் சுற்றி ஒரு மலைத்தொடர் கடலைப் பார்த்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று நம் மேற்கு மலையில் முட்டிச் சாரலாக விழுகிற அதே மாதங்களில், அந்த மலையிலும் கடல் மேகம் வந்து முட்டுகிறது. ஆனியில் தொடங்கிப் புரட்டாசித் தொடக்கம் வரை. பெருமழை இல்லை. மூடுபனியும் தூறலும்தான். மலை முழுக்கப் பச்சையாகிவிடுகிறது. மாடுகள்கூட மேய்கின்றன. கடற்கரைப் பக்கம் தென்னந்தோப்பு, வாழைத்தோப்பு. இளநீர்க் கடைகள். கடைக்காரர்களில் மலையாளிகள் நிறைய.

அந்த மூன்று மாதம் முடிந்தால் மறுபடி எல்லாம் காய்ந்துவிடும். அடீனியம் அந்தச் சரிவுகளில் பாறை இடுக்கில் நிற்கிறது. மூடுபனிக் காலத்தில் இலை விட்டுக் குடிக்கிறது. மீதி மாதங்களை வயிற்றில் வைத்திருப்பதைக் கொண்டு ஓட்டுகிறது.

படங்களைப் பார்த்தேன். மச்சான் அனுப்பிய வீடியோவை ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவும் இதுவும் ஒன்றா என்று எப்படிச் சொல்வேன்? மாமாவும் இப்படித்தானே ஒரு மேட்டைப் பார்த்து இன்ன மேடு என்று சொன்னார். பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது. நானும் அதே தப்பைச் செய்யக்கூடாது.

"என்ன நாகஜோதி, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று மிஸ் கேட்டார். செடி விஷயம் என்றேன். பொய் இல்லை.


டிசம்பர் 17, புதன்

சாயங்காலம் மாமா வந்தார். சலாலாவில் சாரல் அடிக்குமாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அக்கா உள்ளே மாவை அளந்து பாக்கெட்டில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா? அந்தக் கம்ப்யூட்டரா?" என்று சிரித்தார். "ஏத்தா, நம்ம ஊருல சாரல் ஏன் அடிக்குது? மலை இருக்கு. அங்கன மணலு. மணல்ல மேகம் முட்டுமா?"

"அங்கனயும் மலை இருக்காம் மாமா."

"கரிக்கும் இருக்காக்கும்?"

உள்ளே பாக்கெட் கட்டுகிற சத்தம் நின்றது. மாமாவும் அதைக் கவனித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆறப்போட்டதக் கிளறாத ஆத்தா. அவ இப்பத்தேன் ரெண்டு வாய் சாப்புடுறா."

அவர் போன பிறகு அக்காவிடம் ஒன்று கேட்டேன். பாஸ்போர்ட் பெட்டியோடு வந்ததே, அது எங்கே? வடுகபட்டியில் அத்தை கஸ்தூரியம்மாளிடம் இருக்கிறது என்றாள். அதில் முத்திரை இருக்குமே, யாராவது பார்த்தீர்களா என்றேன்.

"பாக்கல."

"ஏங்க்கா?"

"ஆடியில ஊருக்கு வந்த முத்திரை இருந்தா அவுக பொய்யி. இல்லேன்னா..." என்று நிறுத்தி, மாவுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள்.

இல்லையென்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை. ஒரு வருடமாக அதைப் பார்க்காமல் இருக்கிறாள் என்பதே இன்றுதான் எனக்குத் தெரிந்தது.


டிசம்பர் 19, வெள்ளி

ஸ்டீவன் அண்ணனுக்குப் போன் செய்தேன். மச்சானின் அறையில் கூட இருந்தவர், கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர். பெட்டியோடு வந்து இறக்கிவிட்டுப் போனவர். வழி கேட்க அன்று என்னைக் கூப்பிட்டதால் எண் இருந்தது. இப்போதும் சலாலாவில்தான் இருக்கிறார்.

கேட்க வேண்டியதை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் எடுத்ததும் தாள் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அந்த வீடியோவோ? அது எடுத்தது நானாக்கும் மோளே. அன்னிக்கு ரெண்டு பேருக்கும் லீவு. கரிக்குக் கடைக்காரன் கோழிக்கோட்டுக்காரன். கரிக்கு வேணோன்னு அவன் கேட்டது எங்கிட்ட."

எந்த ஊர், எந்த மலை என்று இரண்டு முறை கேட்டேன். சலாலாவுக்கு மேலே இருக்கிற மலைதான் என்று இரண்டு முறையும் சொன்னார். அந்த வருடம் மச்சான் ஊருக்கே வரவில்லையா என்று கேட்டேன்.

"எவிடெ வர? முதலாளி லீவு கொடுக்கல்லே. பொங்கலுக்குத்தான் தருமெண்ணு சொன்னது."

பிறகு நான் கேட்காத ஒன்றை அவராகவே சொன்னார்.

"தங்கப்பாண்டி சேட்டன் என்னை எதுக்கு மலைக்குக் கொண்டுபோச்சுன்னு தெரியுமோ? வீட்டுல ஒரு செடி உண்டு, அது வளரவே மாட்டேங்குது, இங்க அது எப்படி நிக்குதுன்னு பாக்கணும்னு. நல்ல மஞ்சு. கை நீட்டினா கை காணாது. செடி கீழ பாறைச் சரிவுலயாக்கும். எறங்க முடியல. ரொம்ப நேரம் தேடிட்டு, நனைஞ்சுட்டு, கடைசியில சொன்னாரு: 'ஒண்ணு மனசிலாச்சுடா ஸ்டீவா, இது சாரல்ல நிக்கிற செடி. அவ மூடி மூடி வைக்கிறா. மூடாதேன்னு சொல்லணும்.' அதைச் சொல்லத்தான் போனை நீட்டச் சொன்னாரு. நான் தெரியாம பட்டனை விட்டுட்டேன், வீடியோ நின்னுபோச்சு. நெட் அப்பறம் போகத் தொடங்கிச்சு. இருந்ததை அப்படியே அனுப்பி."

அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டுப் பார்ப்பாராம். அக்கா எடுக்கவில்லை என்று ஸ்டீவன் அண்ணன் குறையாகச் சொல்லவில்லை. "பிணக்கம் மாறும்னு நினைச்சு" என்று மட்டும் சொன்னார்.

வகுப்புக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அக்கா என்ன ஆவாள்? மச்சான் பொய் சொன்னார் என்ற கோபத்தில்தான் அவள் எழுந்து அரிசி ஊறப்போடுகிறாள், கிரைண்டரைக் கழுவுகிறாள். அதையும் பிடுங்கிவிட்டால் எதை வைத்து எழுந்திருப்பாள்? சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை அங்கே திதி முடிந்துவிடும், அவள் போகாமலே. பொய் சொல்லாத மனிதர் பொய்யராகவே இருந்துவிடுவார். கஸ்தூரியம்மாளுக்கும் தன் மகன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமலே போய்விடும்.

எது சரி என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைக்கிறேன்.


டிசம்பர் 21, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாவு நிறையப் போகும். கடைசி ஈடு ஆட்டி முடிந்து, கிரைண்டரை நிறுத்தியதும் சட்டென்று வீடு அமைதியானது. அந்த அமைதியில் வாயைத் திறந்துவிட்டேன். வரிசையாகச் சொல்ல நினைத்தது வரிசையாக வரவில்லை. கோழிக்கோட்டுக்காரரிலிருந்து தொடங்கி, சாரலுக்குப் போய், லீவு கிடைக்காததைச் சொல்லி, மறுபடி கரிக்குக்கு வந்தேன்.

அக்கா குழவியைத் தூக்கி வழித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் வழித்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள்.

"ஸ்டீவன் பொய் சொல்லலாம்ல? கூட்டாளி."

"சொல்லலாம்க்கா. ஆனா சாரல் பொய் இல்ல. நான் பாத்தேன்."

"அன்னிக்கு என்னமோ சொல்ல வாயத் தொறந்தாகள்ல. என்ன சொல்ல வந்தாகளாம்?"

"செடிய மூடாதேன்னு. சாரல்ல வைக்கச் சொல்லி."

"அதுக்கா?"

"அதுக்குத்தேன்."

அக்கா சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது. "ஏடி, செடிக்காகவா மலையேறிப் போயி நனைஞ்சாக? கிறுக்குப் பய மவன்." அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்தபோது வராத அழுகை, இப்போது ஒரு வருடம் கழித்து, மாவு சிந்திய தரையில் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே போய்விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடலாமா என்று தெரியாமல் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"நாகு, நான் அதுக்குத் தண்ணி ஊத்திட்டேன்டி."

"எதுக்கு?"

"செடிக்கு. நீ ஊத்தாதன்னு சொன்னேல்ல, அன்னிக்கிருந்து. வெள்ளன நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி. எல எல்லாம் கொட்டிப்போச்சே, வயித்துக்கு இல்லாமத்தேன் கொட்டுதுன்னு நெனச்சேன். வெறுந்தண்ணி இல்ல, அரிசி களைஞ்ச தண்ணி. சத்துல்ல அது. வடுகபட்டியில மாட்டுக்கு வைப்போம்."

மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை நான் இரண்டு நாளுக்கு முன் பார்த்தேன். உப்பு என்று நினைத்தேன். புளித்த வாடை வந்தது. அது காயும் டின்களின் வாடை என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். அக்கா குனிந்து செடியின் வயிற்றைக் கட்டைவிரலால் அமுக்கினாள். விரல் உள்ளே போனது. பழுத்த பப்பாளியில் போவதைப் போல. பழுப்பு நீர் வடிந்தது.

"அழுகிருச்சா?"

நான் வடிந்த நீரைச் சாக்கால் துடைத்தேன்.

"சொல்லுடி. இதுலயாச்சும் எங்கிட்ட மறைக்காத."

"அழுகிருச்சுக்கா."

விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று ஒரு வருடம் சொன்னவள். பிறகு விரலைத் துடைக்காமலே எழுந்து, "அத்தைகிட்ட நான் போயி சொல்லணும்" என்றாள். "அத்தனை பேரு முன்னாடி சொன்னேன்ல. அத்தனை பேரு முன்னாடிதேன் இதையும் சொல்லணும்."


டிசம்பர் 22, திங்கள்

காலையில் வேலுச்சாமி அண்ணன் நர்சரிக்குப் போகும் வழியில் வந்து செடியைப் பார்த்தார். அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். நல்ல தண்டு முள்ளங்கி மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். வயிறு முழுவதும் பழுப்பு. மேலே போகப் போகப் பழுப்பு ஒரு கோடாகி, ஒரே ஒரு கிளையில் மட்டும் வெள்ளை தெரிந்தது. அதை வெட்டி நிழலில் காயப் போடச் சொன்னார். நாலைந்து நாள் கழித்து மணலில் நட்டால் பிழைக்க வாய்ப்பிருக்கிறது.

"வயிறு வருமாண்ணே?" என்று அக்கா கேட்டாள்.

"வராதும்மா. வெதையில வந்தாத்தேன் அந்த வயிறு. குச்சி பொழைச்சாலும் குச்சிதேன். பூக்கும்."

அக்கா தலையாட்டினாள். வயிற்றுப் பாகத்தைக் குப்பையில் போடவிடவில்லை. அவளே எடுத்துப் போய், வாய்க்கால் கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். செடிப் பால் பட்டால் அரிக்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்றேன். கழுவினாள்.

மாமாவுக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். முதலில், "ஓமன்ல சாரலா, சும்மா இரு" என்றார். ஸ்டீவன் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பார்த்ததைச் சொன்னேன். அவர் ஜீப் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச மேடு மாதிரியேதான இருந்துச்சு" என்றார்.

"மாதிரிதேன் மாமா. எனக்கும் அப்படித்தேன் தெரிஞ்சுச்சு."

"நாளைக்கு நானும் வரட்டா? நான்தான சொன்னது."

அக்கா உள்ளிருந்தே சொன்னாள்: "சொன்னது நீங்க. நம்புனது நான். நான் போயிட்டு வாரேன். நீங்க பெறகு ஒரு நாளு தனியாப் போங்க."

மாமா போய்விட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அக்கா என்னிடம் கேட்டாள். அத்தை முகத்தைப் பார்த்ததும் வாய் வராமல் போய்விட்டால் என்ன செய்வது? உள்ளே விடாவிட்டால்? அவர் அடித்தால்? அடித்தால் வாங்கிக்கொள்வதாக அவளே சொல்லிக்கொண்டாள். பாஸ்போர்ட்டைக் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னாள். அத்தையாகக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்க மாட்டாளாம். இப்போது பார்த்தால் மறுபடி நம்பாத மாதிரி ஆகிவிடுமாம்.

நான் கூட வருவதா வேண்டாமா என்று கேட்டேன். வா, ஆனால் எனக்குப் பதிலாகப் பேசாதே என்றாள்.

நாளை: நர்சரிக்கு லீவு சொல்லியாயிற்று. மாவு கிடையாது என்று வாசலில் எழுதி மாட்ட வேண்டும். முதல் பஸ்ஸில் தேனி, அங்கிருந்து வடுகபட்டி. திதி தொடங்குவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். அக்கா பேசுவாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.